நடுவுல யாருண்ணா? சென்னையின் எஃப்சி 2024-25, சீசனுக்கு முன்னாடி ஒரு கணக்கு

[2024 செப்டம்பர் முதல் வாரம் வேங்கிக்காலில் பதிவான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைக் கூடுமானவரை அப்படியே விட்டிருக்கிறோம்.]

பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. வேலூர் ரோட்டுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கேன், கலெக்டர் ஆபீஸ் விடுற நேரம் வேற.

இன்னிக்கு விஷயம் சென்னையின் எஃப்சி. ஐஎஸ்எல் வர்ற 13-ம் தேதி ஆரம்பிக்குது. நம்ம டீமோட முதல் மேட்ச் 14-ம் தேதி சனிக்கிழமை, புவனேஸ்வர்ல, ஒடிஷாவுக்கு எதிரா. டிரான்ஸ்ஃபர் எல்லாம் கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு. யார் வந்தாங்க, யார் போனாங்க, இந்த டீம் எங்க போய் நிக்கும்னு பார்த்துடலாம்.

ஆனா இதை நான் சும்மா பொழுதுபோக்குக்காகப் பேசல. தொடர்ந்து கேக்குறவங்களுக்குத் தெரியும், சாயங்காலத்துல இங்க கொஞ்சம் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றேன். பதினோரு பேர். பிப்ரவரியிலேர்ந்து ஆளுக்கு மாசம் நூறு ரூபா சேர்க்கிறாங்க. இப்போ கையில 7,700 இருக்கு. எதுக்குன்னா, வேன் எடுத்துக்கிட்டு சென்னை நேரு ஸ்டேடியத்துல ஒரே ஒரு மேட்ச் பார்க்க. ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டாவதுக்குக் காசு கிடையாது. அப்போ எந்த மேட்ச்சுன்னு நான் சொல்லணும். தப்பா சொன்னா பதினோரு பேர் முறைப்பாங்க.

போன வாரம் அவங்ககிட்ட நோட்டைக் கொடுத்து, "நம்ம டீமோட லெவனை எழுதுங்கடா"ன்னு சொன்னேன். எல்லாரும் மேலேர்ந்துதான் ஆரம்பிச்சாங்க. வில்மர், சீமா, ஷீல்ட்ஸ். மூணு பேரை டக்குன்னு எழுதிட்டாங்க. கீழே எட்வர்ட்ஸ், எல்சின்யோ. கோலுக்குச் சண்டை, பாதிப் பேர் நவாஸ், பாதிப் பேர் சமிக். எட்டாவது படிக்கிற ஒரு பையன் மட்டும் நோட்டை என்கிட்ட திருப்பிக் கொடுத்தான். நடுவுல ரெண்டு வட்டம் போட்டு உள்ளே எதுவும் எழுதல. "நடுவுல யாருண்ணா?"ன்னு கேட்டான். அவன் ஆடுறது அந்த இடத்துலதான். டிஃபென்ஸுக்கு முன்னாடி நின்னு பந்தைப் பறிச்சுப் பக்கத்துல இருக்கிறவனுக்குக் கொடுக்குற வேலை.

எனக்கும் உடனே பதில் வரல. அந்தக் கேள்வியிலேர்ந்துதான் இந்த எபிசோட்.

முதல்ல போன சீசனைப் பார்த்துடுவோம். நாம அதைக் கொஞ்சம் இனிப்பு தடவி ஞாபகம் வச்சிருக்கோம். ஆறாவது இடம், பிளேஆஃப். 2019-20க்கு அப்புறம் முதல் தடவை. கோவாகிட்ட நாக்அவுட்ல 2-1னு தோத்தோம், இருந்தாலும் உள்ள போனோமே. சந்தோஷம்தான், நானும் கத்தினேன். ஆனா டேபிளைத் திறந்து பாருங்க. 22 மேட்ச்ல 8 வெற்றி, 3 டிரா, 11 தோல்வி. பாதி மேட்ச் தோத்திருக்கோம். அடிச்ச கோல் 26, வாங்கின கோல் 36. பாயின்ட் 27.

அஞ்சாவது வந்த கேரளாவுக்கு 33. ஏழாவது வந்த நார்த்ஈஸ்ட்டுக்கு 26. அதாவது மேல இருக்கிறவனுக்கும் நமக்கும் ஆறு பாயின்ட் தூரம், கீழ இருக்கிறவனுக்கும் நமக்கும் ஒரு பாயின்ட். ஒரே ஒரு டிரா வேற மாதிரி போயிருந்தா இந்த "பிளேஆஃப் டீம்"ங்கிற பேரே நமக்கு இருந்திருக்காது.

இன்னொண்ணு சொல்றேன். அதுக்கு முந்தின சீசன், 2022-23, நம்ம பாயின்ட் எவ்வளவு தெரியுமா? அதுவும் 27தான். அப்போ நாம எட்டாவது. அதுவும் 20 மேட்ச்ல எடுத்த 27. போன வருஷம் ரெண்டு மேட்ச் கூடுதலா ஆடி, அதே 27. கணக்கா பார்த்தா நாம கொஞ்சம் மோசமாகியிருக்கோம், ஆனா ரெண்டு இடம் மேலே போயிட்டோம். நம்ம பரீட்சை மார்க் ஏறல, கிளாஸ்ல மத்தவங்க மார்க் குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான்.

இந்த வருஷம் முகமதன் சேர்ந்து 13 டீம், ஆளுக்கு 24 மேட்ச். 2022-23ல ஆறாவது வந்த ஒடிஷாவுக்கு 20 மேட்ச்ல 30 பாயின்ட், அதாவது மேட்ச்சுக்கு ஒன்றரை. அந்த வேகத்துல 24 மேட்ச்சுன்னா 36. போன வருஷ வேகத்துல போனா முப்பதுக்குக் கொஞ்சம் கீழே. உண்மை ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கும். நான் 34ன்னு வச்சுக்கிறேன். அப்போ கேள்வி சிம்பிள். இந்த டீம் போன வருஷத்தைவிட ஏழு பாயின்ட் கூட எடுக்குமா?

சரி, ஆட்களுக்கு வருவோம். போனவங்க லிஸ்ட் சின்னது இல்ல. ரஃபேல் கிரிவெல்லாரோ போயிட்டார். ஜோர்டான் முர்ரே போயிட்டார். பத்தோக்கியோ போயிட்டார், இவரைப் பத்தி அப்புறம் பேசணும். கோல்கீப்பர் தேப்ஜித் ஈஸ்ட் பெங்காலுக்கு, லெஃப்ட் பேக் ஆகாஷ் சங்வான் கோவாவுக்கு. ரஹீம் அலி ஒடிஷாவுக்கு. 2019லேர்ந்து நம்ம கூட இருந்த பையன். முதல் மேட்ச்சே அவரோட புது டீம்கூடத்தான், எப்படி அமையுது பாருங்க. அன்னிக்கு அவர் கோல் அடிச்சா நான் அடுத்த எபிசோட் போட மாட்டேன்.

வந்தவங்களைப் பத்தி பேசும்போது எல்லாரும் வெளிநாட்டு ஆறு பேரைத்தான் பேசுறாங்க. பேசலாம், தப்பில்ல. கொலம்பியாக்காரர் வில்மர் ஜோர்டான் கில். நார்த்ஈஸ்ட்லயும் பஞ்சாப்லயும் ஆடினவர், இந்த லீக்ல கோல் அடிக்கத் தெரிஞ்சவர்னு நிரூபிச்சாச்சு. நைஜீரியாக்காரர் டேனியல் சீமா, ஜாம்ஷெட்பூர்லேர்ந்து வர்றார். நார்வேல மோல்டே டீம்கூட லீக் ஜெயிச்சவர், அப்போ அங்க கோச் யாருன்னா ஓலே குன்னார் சோல்ஷயர். கானர் ஷீல்ட்ஸ் போன வருஷம் ஸ்காட்லாந்துலேர்ந்து வந்தவர், இந்த வருஷமும் இருக்கார். பிரேசில்லேர்ந்து ரெண்டு பேர்: அட்டாக்கிங் மிட்ஃபீல்டர் லூகாஸ் பிராம்பில்லா, டிஃபென்டர் எல்சின்யோ. கேப்டன் ரயான் எட்வர்ட்ஸ் இங்கிலாந்துக்காரர்.

இதை வரிசையா வச்சுப் பாருங்க. முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு, முன்னாடிக்குக் கொஞ்சம் பின்னாடி ஒண்ணு. டிஃபென்ஸுக்கு முன்னாடி நிக்குற இடத்துக்கு வெளிநாட்டு ஆள் யாருமே இல்ல. அந்தப் பையன் வட்டத்தை ஏன் காலியா விட்டான்னு இப்போ புரியுதா?

புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு விதியைச் சொல்லிடறேன். ஐஎஸ்எல்ல ஒரு கிளப் ஆறு வெளிநாட்டு வீரர் வரைக்கும் வச்சுக்கலாம், ஆனா ஒரே நேரத்துல களத்துல நாலு பேர்தான். மீதி ஏழு பேர் இந்தியர்கள். அதனால ஆறு பேர் பேரும் போஸ்டர்ல அழகா இருக்கும், மேட்ச் அன்னிக்கு ரெண்டு பேர் பெஞ்ச்ல உட்கார்ந்துதான் ஆகணும். கோச்சுங்க பொதுவா என்ன பண்ணுவாங்கன்னா, அந்த நாலு இடத்தை முதுகெலும்பு மாதிரி பிரிச்சுப்பாங்க. பின்னாடி ஒண்ணு, நடுவுல ஒண்ணு ரெண்டு, முன்னாடி ஒண்ணு. நம்ம ஆளுங்க முன்பக்கமும் பின்பக்கமும் எடை ஏத்திட்டு நடுவை இந்திய வீரர்களை நம்பி விட்டிருக்காங்க.

இது துணிச்சலா, அசட்டையா? நான் ரெண்டு நாளா யோசிக்கிறேன்.

ஓவன் காய்ல்ங்கிற மனுஷனைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா பதில் கிடைக்கும்னு தோணுது. 2009ல பர்ன்லியைப் பிரீமியர் லீக்குக்குக் கொண்டு போனவர். இந்தியாவுல அவர் ரெண்டு பெரிய வேலை செஞ்சிருக்கார். ஒண்ணு இங்கேயே, 2019-20ல. டிசம்பர்ல வந்தார், டீம் அடியில கிடந்தது. கோல் அடிச்சு அடிச்சு ஃபைனல் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போனார். செமி ஃபைனல்ல கோவாவை ரெண்டு மேட்ச்சும் சேர்த்து 6-5ன்னு தாண்டினோம். மனுஷன் டிஃபென்ட் பண்ண வர்ற ஆளே இல்ல. ஃபைனல்ல ஏடிகேகிட்ட 3-1. கொரோனா நேரம், காலி ஸ்டேடியம். நான் மொபைல்ல பார்த்தேன். யாருமே கத்தாத ஒரு ஃபைனலைப் பார்க்கிறது ஒரு மாதிரி இருந்தது.

ரெண்டாவது ஜாம்ஷெட்பூர், 2021-22. 20 மேட்ச்ல 43 பாயின்ட், லீக் ஷீல்ட்.

இப்போ அந்த ரெண்டு டீமோட நடுவையும் பாருங்க. 2019-20 சென்னையின்ல அனிருத் தாபா இருந்தார், எட்வின் சிட்னி வான்ஸ்பால் இருந்தார், தேவைப்பட்டா ஆப்கானிஸ்தான்காரர் மாசி சைகானி அந்த இடத்துல நிப்பார். ஜாம்ஷெட்பூர்ல பிரேசில்காரர் அலெக்ஸ் லிமா, அவர் பக்கத்துல இந்தியப் பசங்க. அதாவது காய்ல் டீம் வேகமா முன்னாடி ஓடுது, கோல் மழை கொட்டுதுன்னு நாம பார்க்கிறோமே, அப்படி ஓடுறதுக்குப் பின்னாடி ஒருத்தர் நின்னு கதவைப் பார்த்துக்கிட்டு இருந்தார். எல்லாரும் கல்யாணத்துக்குப் போனா வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்ல?

போன வருஷம் அந்த வேலையைப் பாதியாவது பார்த்தவர் பத்தோக்கியோ. அவர் இப்போ இல்ல. சீசனோட முதல் மூணு மேட்ச் ஞாபகம் இருக்கா? ஒடிஷாகிட்ட 2-0, நார்த்ஈஸ்ட்கிட்ட 3-0, மோகன் பகான்கிட்ட 3-1. மூணு மேட்ச்ல எட்டு கோல். அப்போ நான் டிஃபென்டர்களைத்தான் திட்டினேன். அப்புறம் ஹைலைட்ஸைத் திருப்பிப் போட்டுப் பார்த்தா, பல தடவை அவங்களுக்கு முன்னாடி யாருமே இல்ல. எதிராளி பந்தோட நிமிர்ந்து ஓடி வர்றான், நம்ம ஸ்டாப்பர் ரெண்டு பேரும் பின்னாடி பின்னாடி நடக்கிறாங்க. அது அவங்க தப்பு இல்ல.

அதனால அந்தக் காலி வட்டத்துக்குள்ள யார் பேரை எழுதலாம்? என் பதில்: ஜிதேந்திர சிங், லால்ரின்லியானா நாம்தே. கூட ஜிதேஷ்வர் சிங்.

ஜிதேந்திரா 2017ல இந்தியாவுல நடந்த 17 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில நம்ம நாட்டுக்காக ஆடினவர். ஜாம்ஷெட்பூர்ல காய்ல் ஷீல்ட் ஜெயிச்சப்போ அந்த டீம்ல இருந்தவர். அதனால காய்லுக்கு என்ன வேணும்னு இவருக்குத் தெரியும், இவர் என்ன தருவார்னு காய்லுக்குத் தெரியும். சீமாவும் அந்த ஷீல்ட் சீசன்ல பாதியில ஈஸ்ட் பெங்கால்லேர்ந்து வந்து சேர்ந்தவர்தான். ரைட் பேக் லால்தின்லியானா ரென்த்லெயும் அந்த டீம். டிஃபென்டர் லால்தின்புயா, எல்சின்யோ ரெண்டு பேரும் ஜாம்ஷெட்பூர்லேர்ந்துதான் வர்றாங்க. காய்ல் பழைய நோட்டை எடுத்துப் புரட்டிக்கிட்டு இருக்கார். தெரிஞ்ச ஆளை எடுக்கிறது சௌகரியம்தான். ஆனா 2022ல நல்லா ஆடினவர் 2024லயும் அதே மாதிரி ஆடுவார்னு யாரும் எழுதிக் கொடுக்கல.

நாம்தே மோகன் பகான்லேர்ந்து வர்றார். அங்க வரிசை நீளம். அனிருத் தாபா போன வருஷமே நம்மளை விட்டு அங்கதான் போனார். இந்த வருஷம் மும்பையிலேர்ந்து அபுயாவையும் தூக்கிட்டாங்க. ஒரு நல்ல இந்திய மிட்ஃபீல்டருக்கு நாட்டோட பெரிய கிளப் எவ்வளவு மெனக்கெடுதுன்னு இதைப் பார்த்தாலே புரியும். அங்க இடம் கிடைக்கறது கஷ்டம்னு கிளம்பின பையனை நாம எடுத்திருக்கோம். இது நல்ல எடுப்புன்னு நான் நினைக்கிறேன். இருபதுகளோட ஆரம்பத்துல இருக்கார், ஓடுவார், வாரா வாரம் ஆடக் கிடைச்சா வளருவார். ஜிதேஷ்வர் மணிப்பூர்ப் பையன், ஏற்கனவே நம்ம டீம். மூணு பேருமே சின்ன வயசு. பக்கத்துல நின்னு "இப்போ ஓடு, இப்போ நில்லு"ன்னு சொல்ல ஒரு பெரியவர் இல்ல. அதுதான் என் பயம்.

ஒரு வழி இருக்கு. எல்சின்யோ நடுக்களத்துலயும் ஆடத் தெரிஞ்சவர். அவரை ஒரு வரிசை முன்னாடி ஏத்தி, எட்வர்ட்ஸ் பக்கத்துல லால்தின்புயாவைப் போட்டா ஓட்டை அடைபடும். காய்ல் கஷ்டமான வெளியூர் மேட்ச்கள்ல இதைச் செய்வார்னு நினைக்கிறேன். செய்யலைன்னா திட்டுவேன்.

முன்வரிசைக்கு வரேன். எல்லாரும் மகிழ்ச்சியா இருக்கிற இடம், எனக்குக் கொஞ்சம் இடிக்குது. வில்மருக்கும் வயசு 33, சீமாவுக்கும் 33. வில்மருக்கு அடுத்த மாசம் 34 ஆகுது. சென்னை அக்டோபர்ல எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், சும்மா நின்னாலே சட்டை ஒட்டிக்கும். ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே மேட்ச்ல 90 நிமிஷம் ஓட விட முடியாது. ஒருத்தர் 60 நிமிஷம், இன்னொருத்தர் 30 நிமிஷம்னு பிரிச்சா சரி. ஆனா அப்படிப் பிரிச்சா, ஒருத்தர் எடுத்துக்க வேண்டிய இடத்துக்கு ரெண்டு வெளிநாட்டு சீட்டைச் செலவு பண்ணியிருக்கோம். அந்த இன்னொரு சீட்டு நடுவுக்கு வந்திருக்கலாமே? திரும்பத் திரும்ப அங்கயே வந்து நிக்குறேன், மன்னிச்சுக்கோங்க.

அதுக்குப் பதில் சொல்லக்கூடிய இந்தியப் பசங்க நம்மகிட்ட இருக்காங்க, அதான் விஷயம். இர்ஃபான் யத்வாட், கோவாக்காரர், ரெண்டாம் நிலை லீக்ல எஃப்சி பெங்களூரு யுனைடெட்ல ஆடிக்கிட்டு இருந்தவரைப் போன வருஷம்தான் கூட்டிட்டு வந்தாங்க. பசி இருக்கிற ஆள். ஃபரூக் சௌத்ரி, முழங்கால் காயத்துல நீண்ட காலம் வெளியே இருந்துட்டு வந்தவர். ஒரு முழு சீசன் ஆடி முடிச்சாச்சு, இது ரெண்டாவது. இந்த மாதிரி காயத்துக்கப்புறம் ரெண்டாவது சீசன்லதான் கால் பழையபடி பேச்சைக் கேக்கும்னு பலரும் சொல்வாங்க. என் கண்ணு ஃபரூக் மேலதான். வின்சி பாரெட்டோ ஓரத்துல ஓடுவார். மும்பையிலேர்ந்து குர்கீரத் சிங் வந்திருக்கார்.

அப்புறம் கியான் நசிரி. 2022 ஜனவரியில கொல்கத்தா டெர்பியில, ஏடிகே மோகன் பகானுக்காக, மாத்து ஆளா இறங்கி ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரா மூணு கோல் அடிச்ச பையன். அவங்க அப்பா ஜம்ஷித் நசிரி, ஈரான்லேர்ந்து வந்து அதே ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினவர். அப்பா ஆடின டீமுக்கு எதிரா பையன் ஹாட்ரிக். சினிமாவுல வச்சா நம்ப மாட்டோம். ஆனா அந்த ஒரு ராத்திரிக்கப்புறம் அவருக்குத் தொடர்ச்சியா இடம் கிடைக்கவே இல்ல. 23 வயசு. இங்கே வந்தது அவருக்கு நல்லது. நமக்கு நல்லதான்னு பார்க்கணும்.

டிஃபென்ஸ் பத்தி அதிகம் இல்ல. லெஃப்ட்ல மந்தார் ராவ் தேசாய், ஐஎஸ்எல் ஆரம்பிச்ச 2014லேர்ந்து ஆடிக்கிட்டு இருக்கிறவர், கோவாவோட ஷீல்ட், மும்பையோட கப், எல்லாம் பார்த்தாச்சு. வயசு 32. கோல்ல முகமது நவாஸ், சமிக் மித்ரா. நான் சமிக்கை இறக்குவேன், காய்ல் அனேகமா வேற மாதிரி நினைப்பார். சங்வான் போனது ஒரு நஷ்டம், அவர் கார்னரும் ஃப்ரீ கிக்கும் போடுற விதம் நமக்குப் பழகியிருந்தது.

மத்த டீம் எல்லாம் சும்மா இருக்கா? அதுவும் இல்ல. மோகன் பகான் ஆஸ்திரேலியா ஸ்ட்ரைக்கர் ஜேமி மெக்லாரனைக் கொண்டு வந்திருக்கு, கிரெக் ஸ்டூவர்ட்டும் அங்க. மும்பை நடப்புச் சாம்பியன். கோவா, ஒடிஷா ரெண்டும் நம்மளைவிடக் கெட்டி. ஈஸ்ட் பெங்கால் போன வருஷ டாப் ஸ்கோரர் தியாமந்தகோஸைக் கேரளாகிட்டேர்ந்து எடுத்தாச்சு. போன வருஷம் நமக்கு ஒரு பாயின்ட் கீழே நின்ன நார்த்ஈஸ்ட், போன சனிக்கிழமைதான் டுராண்ட் கப் ஃபைனல்ல மோகன் பகானைப் பெனால்டியில கவுத்துச்சு. பெங்களூரு போன வருஷம் பத்தாவது, அவங்க ரெண்டு தடவை அப்படி வர மாட்டாங்க. எண்ணிக்கிட்டே வாங்க, ஆறு இடத்துக்கு ஏழு டீம் ஆயிடுச்சு, நாம இன்னும் வரிசையிலயே இல்ல.

அதனால என் கணிப்பு ஏழாவது. எட்டாவதும் ஆகலாம். எல்சின்யோவை நடுவுல ஏத்தி, ஃபரூக் காயமில்லாம இருந்தா ஆறாவது. வில்மர் 15 கோல் அடிச்சா நான் எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்.

ஒரு தங்கச்சி வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, தோனி ஓனர்ல ஒருத்தர், அபிஷேக் பச்சன் ஒருத்தர், ரெண்டு கப் ஜெயிச்சிருக்கோம், அப்புறமும் ஏன் எங்க காலேஜ்ல யாருக்குமே இந்த டீமைத் தெரியல?"ன்னு கேட்டிருந்தாங்க. ரெண்டு கப் 2015லயும் 2018லயும். 2015 ஃபைனல்ல 90-வது நிமிஷம் வரைக்கும் 2-1ன்னு பின்னாடி இருந்து 3-2ன்னு ஜெயிச்சோம். மகிழ்ச்சியான காலம்தான், ஆனா உங்க காலேஜ் ஜூனியர்ஸ் அப்போ மூணாவது நாலாவது படிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்கம்மா.

இன்னொரு காரணமும் இருக்குன்னு நினைக்கிறேன். டீம்ல நம்ம ஊர்ப் பேரை விரல் விட்டு எண்ணிடலாம். ஆள் இல்லாமலா? 2018-19ல கோயம்புத்தூர்லேர்ந்து ஆடின சென்னை சிட்டி ஐ-லீக்கே ஜெயிச்சது, நிறைய தமிழ்ப் பசங்களை வச்சு. இன்னிக்கு தேசிய லீக்ல அந்த கிளப்பே இல்ல. அங்கேர்ந்து வளர்ந்த நந்தகுமார் சேகர் சென்னைக்காரர், இன்னிக்கு ஈஸ்ட் பெங்கால்ல ஆடுறார், போன வருஷம் டுராண்ட் டெர்பியில அவர் அடிச்ச கோல்லதான் மோகன் பகான் தோத்தது. சிவசக்தி நாராயணன் சிவகங்கை மாவட்டம் கண்டனூர், பெங்களூருக்கு ஆடுறார். ரெண்டு பேருமே நம்ம டீம்ல இருக்க வேண்டியவங்கன்னு நான் சொல்லல, கிளப்புக்கு அதோட கணக்கு இருக்கும். ஆனா என் பசங்ககிட்ட நந்தா பேரைச் சொன்னா முதுகு நிமிர்ந்து உட்கார்றாங்க. அது ஒரு வெளிநாட்டுப் பேருக்கு நடக்கறதில்ல.

சரி, வேனுக்கு வருவோம். அட்டவணை டிசம்பர் வரைக்கும் வந்தாச்சு.

முதல் ஹோம் மேட்ச் செப்டம்பர் 26, முகமதன்கூட. வியாழக்கிழமை. காலாண்டுப் பரீட்சை நடந்துகிட்டு இருக்கும். என்னை ஊரை விட்டே துரத்துவாங்க. அக்டோபர் 24 கோவா, அதுவும் வியாழன். பீச்லேர்ந்து திருவண்ணாமலைக்கு மே மாசத்துலேர்ந்து நேரடி ரயில் வந்தாச்சே, ஐம்பது ரூபாதானே, வேன் எதுக்குன்னு சில பேர் கேட்டீங்க. அந்த ரயில் அங்க சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பிடும். ராத்திரி மேட்ச் விசிலடிக்கும்போது அது எப்பவோ கிளம்பிப் போயிருக்கும். போறதுக்கு ஓகே, திரும்பறதுக்கு இல்ல. கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிச்சா விடியக்காலைதான். பதினோரு பசங்களை வச்சுக்கிட்டு அந்த நேரத்துல கிளாம்பாக்கத்துல நிக்க எனக்குத் தைரியம் இல்ல.

பசங்க ஓட்டு போட்டது டிசம்பர் 7, ஈஸ்ட் பெங்கால். காரணம் நந்தா. சனிக்கிழமை வேற. நானும் முதல்ல தலையாட்டிட்டேன். அப்புறம் காலண்டரைப் பார்த்தா டிசம்பர் 4 தீபக் கொடியேற்றம், 13 மகாதீபம். அந்தப் பத்து நாள்ல நம்ம ஊர்லேர்ந்து வேன் எடுத்து வெளிய போயிட்டு ராத்திரி திரும்பி உள்ள வர்றது எப்படின்னு யாராவது சொல்லுங்க. பாதிப் பசங்க வீட்ல கடை போடுவாங்க, அவங்களை விடவே மாட்டாங்க. வேன் டிரைவர் அண்ணன் சிரிச்சுட்டே "தம்பி, தீபத்துல வண்டி கேக்குறியே"ன்னார்.

மிச்சம் நவம்பர் 9. மும்பை சிட்டி. சனிக்கிழமை. தீபாவளி முடிஞ்சு ஒன்பது நாள் ஆகியிருக்கும், பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும், ஊர்ல கூட்டம் குறைவு. நடப்புச் சாம்பியன் வர்றாங்க, நாம தோக்க வாய்ப்பு அதிகம். அதைப் பசங்ககிட்ட மறைக்கல. ஆனா மும்பையில இந்த வருஷம் யோயல் வான் நீஃப்னு ஒரு டச்சு மிட்ஃபீல்டர் வந்திருக்கார். எங்க வட்டம் போட்ட பையன் ஆடுற ஏரியாதான் அவருக்கும். அவர் எதிர்ல நம்ம ஜிதேந்திராவும் நாம்தேயும் எப்படி நிக்குறாங்கன்னு பார்க்க அதைவிட நல்ல மேட்ச் இந்த அட்டவணையில இல்ல. டிவில பார்த்தா கேமரா பந்து பின்னாடி போயிடும். இவன் பார்க்க வேண்டியது பந்து இல்லாத நேரத்துல அவங்க எங்க நிக்குறாங்கன்னு. அதுக்கு ஸ்டேடியத்துக்குத்தான் போகணும்.

பையன்கிட்ட சொன்னேன். "நந்தா வர மாட்டாரா?"ன்னு ஒரு தடவை கேட்டான். அப்புறம் சரின்னுட்டான். வேன் 9,000, கையில 7,700, டிக்கெட் தனி. ரெண்டு மாசம் இன்னும் நூறு நூறு வரும், அதுலயும் துண்டு விழுந்தா நான் பார்த்துக்கறேன். பெத்தவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா, ராத்திரி எத்தனை மணிக்கு வீட்ல விடுவேன்னு எனக்கு போன் பண்ணிக் கேளுங்க, பையன்கிட்ட கேக்காதீங்க. அவன் பத்து மணின்னு சொல்லி வச்சிருப்பான்.

14-ம் தேதி ஒடிஷா மேட்ச் முடிஞ்சதும் அடுத்த எபிசோட். ரஹீம் அலி கோல் அடிக்கலைன்னா.